பெட்டி கட்டிய பிறகு

ஜனவரி 9, வியாழன்

தையல் மெஷினை எதிர்வீட்டு ஷெர்லினுக்குக் கொடுத்துவிட்டேன். அவளும் நானுமாகச் தெருவைத் தாண்டி இழுத்துக்கொண்டு போனதில் இடுப்பு விட்டுப்போச்சு. "யக்கா, ஆறு மாசத்துல வந்துருவ இல்ல, அப்புறம் இன்னாத்துக்கு எனக்குக் குடுக்குற?" என்றாள். வைத்துக்கொள் என்றேன். கொருக்குப்பேட்டை காற்றில் சும்மா கிடந்தால் துருப்பிடித்துவிடும்.

வீட்டை மகள் கௌசர் பெயருக்கு நவம்பரிலேயே எழுதிக் கொடுத்தாயிற்று. பயணம் போகிறவர்கள் எதையும் பாக்கி வைக்காமல் வெறுங்கையோடு கிளம்ப வேண்டும் என்று அத்தா ஹஜ்ஜுக்குப் போனபோது சொன்னார். எனக்கு அது மனசில் நின்றுவிட்டது. விசா பாரத்திலும் உள்ளதை உள்ளபடிதான் போட்டோம். வீடு மகளுடையது, தையல் நிறுத்தியாச்சு என்று.

மார்ச்சில் அவளுக்குத் தலைப்பிரசவம். அது தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். அவளால் லண்டனிலிருந்து வர முடியவில்லை என்றால் தாய்வீடுதான் அவளிடம் போக வேண்டும்.

ஜனவரி 12, ஞாயிறு

தம்பி ஹபீபுல்லா பிரியாணி ஆக்கினான். விசா வந்த பிறகு விருந்து வைக்கலாமே என்றேன். "அதெல்லாம் வந்துரும்க்கா" என்றான்.

சாயங்காலம் வீடு வீடாகப் போனேன். தெரிந்தோ தெரியாமலோ ஏதாவது செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் கேட்டாயிற்று. என்னோடு பல வருடமாகப் பேசாத சின்ன நாத்தனார் மஹீன்கூட கட்டிப் பிடித்து அழுதாள். உசேன் பாய் லண்டனில் இருக்கும் தன் மகனுக்கு ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு கொடுத்தார். மூன்று கவர் போட்டுச் சுற்றியும் பெட்டி முழுக்க அதன் வாசனைதான்.

ஜனவரி 21, செவ்வாய்

பாஸ்போர்ட் வந்தது. கூடவே ஒரு கடிதம்.

இரண்டு முறை படித்தேன். என் இங்கிலீஷுக்கும் புரிகிற மாதிரிதான் எழுதியிருக்கிறார்கள். உங்கள் நாட்டில் உங்களுக்கு வீடு இல்லை, தொழில் இல்லை. காலம் முடிந்ததும் நீங்கள் திரும்பிப் போவீர்கள் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவ்வளவுதான். கீழே ஒரு கையெழுத்து.

என்னைப் பார்த்திருக்கானா அந்த ஆளு? என் மூஞ்சி தெரியுமா? நான் திரும்பி வரமாட்டேன்னு இவனுக்கு யார் சொன்னது?

ஜனவரி 22, புதன்

கௌசருக்கு இன்னும் சொல்லவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

ஜும்ஆ முடிந்து ஹபீபுல்லா வந்தான். கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"வூடு இல்ல, தொழிலு இல்ல, மாமாவும் போய்ச் சேந்துட்டாரு. எல்லாத்தையும் குடுத்துட்டு வரேன்னு நாமளே எழுதிக் குடுத்துகீறோம்க்கா. அவன் இன்னா நினைப்பான்?"

"நீதானடா பாரம் நிரப்புன."

"நீதான உள்ளத எழுதுன்னு சொன்ன."

மறுபடி போடலாமாம். முதலில் வீட்டை என் பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்குள் குழந்தையே பிறந்துவிடும்.

கௌசரிடம் சொன்னேன். "பரவால்லம்மா" என்றாள். சொல்லிவிட்டு வீடியோவை அணைத்துவிட்டு, குரலில் மட்டும் பேசினாள். எனக்குத் தெரியாதா அது எதற்கென்று.

ஜனவரி 27, திங்கள்

கருவாட்டைத் திருப்பிக் கொடுத்தேன். உசேன் பாய் முகர்ந்து பார்த்துவிட்டு, "இது இங்க சாப்ட்டாலும் நல்லாத்தான்மா இருக்கும்" என்றார். நல்ல மனுஷன். சிரிக்க வைக்கப் பார்த்தார்.

மற்றவர்கள் அப்படியில்லை. ரேஷன் கடையில், பால் கடையில், எங்கே போனாலும் "இன்னும் போவலியா?" எல்லோரிடமும் விடைபெற்றுக்கொண்டவள் அதே தெருவில் தக்காளி வாங்கிக்கொண்டு நின்றால் அவர்களும்தான் என்ன செய்வார்கள். மஹீன் என்னைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் போய்விட்டாள். அவள் பொறுத்துக்கொண்டதெல்லாம் நான் ஊரைவிட்டுப் போகிறேன் என்பதற்காகத்தான் போல.

அலுப்பாக இருக்கிறது.

பிப்ரவரி 3, திங்கள்

எதிர்வீட்டில் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். பாபின் ஆடுகிறது, எண்ணெய் விடணும்.

மத்தியானம் ஷெர்லின் வந்து வாசலிலேயே நின்றாள். "மெஷின எடுத்துக்கினு வந்துறவாக்கா?" அவள் இரண்டு பிள்ளைகளுக்கும் ஸ்கூல் ஃபீஸ் இப்போது அதில்தான் ஓடுகிறது. அது எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.

"குடுத்தத திருப்பி வாங்குற பழக்கம் எங்க வூட்ல இல்ல" என்றேன்.

வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். "அப்போ நீ வெட்டிக் குடு, நான் தெச்சிக்கிறேன். எனக்குக் கழுத்து வெட்டவே வரலக்கா. ரெண்டு ஜாக்கெட்டு கெட்டுப்போச்சு."

பார்க்கலாம் என்றேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

சம்பந்தியம்மாவுக்கு விசா வந்துவிட்டது. நான் போக முடியாது என்றானதும் மருமகன் முபாஷிர் அவசரமாகத் தன் அம்மாவுக்குப் போட்டிருக்கிறார். வண்ணாரப்பேட்டையில் அவர்களுக்குச் சொந்த வீடு, துணிக்கடை. கட்டாயம் திரும்பி வருவார்கள் இல்லையா.

நல்லதுதான். பிள்ளை தனியாகக் கிடக்காது. நல்லதுதான் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வயிறு எரிகிறது.

பிப்ரவரி 23, ஞாயிறு

என் பெட்டியிலிருந்து சம்பந்தியம்மா பெட்டிக்கு மாற்றினோம். பிரசவ லேகியம், மஞ்சள், பூண்டு, என் பழைய நூல் சேலையில் தைத்த குட்டிச் சட்டைகள். அந்த அம்மா ஒவ்வொன்றையும் எடுத்து, இது எப்போது, எவ்வளவு என்று கேட்டுக் கேட்டு வைத்தார். கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க எடத்துல நான் போறேன், பொறுத்துக்கோங்க" என்றார்.

அவரும் பயணம் போகிறவர்தானே. பொறுத்துக்கொண்டேன் என்றேன். அப்போதுதான் அழுகை வந்தது.

பெட்டியைக் காலியாகப் பரணில் போட்டேன். கருவாட்டு வாசனை இன்னும் போகவில்லை.

மார்ச் 14, வெள்ளி

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். அல்ஹம்துலில்லாஹ்.

மார்ச் 19, புதன்

பெருநாள் துணி குவிந்து கிடக்கிறது. ஷெர்லின் வீட்டுத் தரையில் உட்கார்ந்து காலையிலிருந்து கழுத்து வெட்டினேன். எனக்கு நோன்பு என்று என் முன்னால் தண்ணீர்கூடக் குடிக்காமல் உள்ளே போய்க் குடித்துவிட்டு வருகிறாள், பைத்தியம்.

மத்தியானம் கௌசர் கூப்பிட்டாள். குழந்தை நீலச் சேலைச் சட்டையில் இருந்தது. சட்டைக் கை கொஞ்சம் நீளமாகிவிட்டது, மடித்து விட்டிருக்கிறார்கள். மாமி நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாராம். சொல்லிக்கொண்டே இருந்தவள் திடீரென்று உடைந்துவிட்டாள்.

"நீ மட்டும் வந்திருந்தா உன்னத் திருப்பி அனுப்பியே இருக்க மாட்டேன்மா. ரூமெல்லாம் ரெடி பண்ணி வெச்சிருந்தேன். உன்கிட்ட சொல்லல, அவ்ளோதான்."

மெஷினைக் கொடுத்தேன், வீட்டைக் கொடுத்தேன், தெரு முழுக்க விடைபெற்றேன். ஆறு மாதத்துக்குப் போகிறவள் செய்கிற காரியமா அதெல்லாம்? முகம் தெரியாத அந்த ஆள் சரியாகத்தான் எழுதியிருக்கிறான். எனக்கே தெரிவதற்கு முன்னால் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

"தூங்கும்மா, குழந்தை தூங்கறப்பவே நீயும் தூங்கிடணும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். ஷெர்லின் மெஷினை நிறுத்தாமலே அடுத்த துணியை என் பக்கம் தள்ளினாள். எடுத்து மடித்து வெட்டினேன்.