ஷிப்காவிடம் யாரும் சொல்லவில்லை

விதின்,
நவம்பர் கடைசி ஞாயிறு

அன்பு மகள் ரலிட்சாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் நடமாட்டமாக இருக்கிறேன், முழங்கால்தான் பனி விழும்போதெல்லாம் மக்கர் பண்ணுகிறது. நீயும் மாப்பிள்ளையும் அந்த ஹாலிஃபாக்ஸ் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருந்தால் எனக்கு அதுவே போதும். போனில் நீ எப்போது கேட்டாலும் எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் நான் சொல்லி வந்திருக்கிறேன், நீயும் அங்கிருந்து அதையேதான் சொல்கிறாய். பேச்சில் வராதது எழுத்திலாவது வருகிறதா பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவின் நாற்பதாம் நாளுக்கு எதிர்வீட்டு அசெனின் மனைவி கோதுமை வேகவைத்துச் சர்க்கரை கலந்து கொடுத்தாள், கல்லறையில் எல்லோருக்கும் கொடுத்தேன், மெழுகுவர்த்தி காற்றில் நிற்கவே இல்லை. டான்யூப் மேல் மூட்டமாக இருக்கிறது, அக்கரையே தெரியவில்லை.

நாயைப் பற்றி உனக்குப் பாதிதான் தெரியும். சோபியா ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்ட பிறகு, திரும்பி வரும் ரயிலில் அம்மா ஒரு நாய் எடுக்கலாம் என்றாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது, நாம் ஒரு குருவிகூட வளர்த்ததில்லை. "எனக்கில்ல மெத்தோ, உனக்கு. நான் போனப்புறம் நீ டிவியோட சண்டை போட்டுக்கிட்டு உக்காந்திருப்ப, அதுக்கு ஒரு நாயோட போடலாம்" என்றாள். அந்தப் பேச்சை நிறுத்துவதற்காகவே சரி என்றேன். பழைய செங்கல் சூளைக்குப் பின்னால் இருக்கிறதே நாய்க் காப்பகம், அங்கே போனோம். போரியானா என்று ஒரு பெண் பார்த்துக்கொள்கிறாள், உன்னைவிடச் சின்னவள். நான் கார் வாங்கப் போனவன் மாதிரி வயது என்ன, முடி கொட்டுமா, எவ்வளவு தின்னும் என்று கேட்டுக்கொண்டே போனேன். ஒரு கறுப்பு வெள்ளைக் குட்டி கம்பி வழியாக என் கையை நக்கியது, இதுதான் என்று சொல்லிவிட்டேன். "ஐயா, அது இன்னும் ரெண்டு மடங்கு வளரும், உங்களை இழுத்துக்கிட்டு ஆத்துக்குள்ளயே போயிடும்" என்றாள் போரியானா. பிறகு மொறோ என்று ஒரு சாதுவான கிழட்டு நாயைக் காட்டினாள், முதல்முறை வளர்ப்பவர்களுக்கு அதுதான் தோது என்றாள். எனக்கும் பிடித்துப்போனது.

திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம். கடைசிக் கூண்டுக்கு முன்னால் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே சுவரைப் பார்த்தபடி ஒரு பெட்டை நாய். ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும், ஆட்டுமந்தை நாயின் முகம், கட்டைக் கால்கள், மற்ற நாய்களைச் செய்து மிஞ்சிய துண்டுகளை ஒட்டிச் செய்தது போல இருந்தது. காட்டுரோஜாக் காயின் சிவப்பு, அதனால்தான் அம்மா அந்தக் காயின் பெயரையே இதற்கும் வைத்தாள், ஷிப்கா என்று. "அது வேணாம்மா, ஆம்பளைங்களைக் கண்டாலே நடுங்கும், யாரோ போட்டு அடிச்சிருக்காங்க. நாயே வளர்க்காதவங்களுக்கு அது சரிப்படாது" என்று போரியானா தடுத்தாள். அம்மா அசரவில்லை. "நான் இவரைக் கட்டிக்கும்போதும் சரிப்படாதுன்னுதான் எங்க வீட்ல சொன்னாங்க" என்றாள். எனக்குக் கோபம், ஆனாலும் அந்தக் கோடையில் உன் அம்மா கேட்ட எதற்கும் இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை.

அம்மாவிடம் அது பூனை மாதிரி ஒட்டிக்கொண்டது. அவள் படுத்துக் கையைத் தொங்கவிட்டால் அதற்குக் கீழே வந்து தலையைக் கொடுக்கும். என் செருப்புச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில். பொறுத்துக்கொள், பொறுத்துக்கொள் என்றே அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு ஆம்புலன்ஸ் வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. நீ வந்தாய், மண் போட்டாய், வேலை இருக்கிறதென்று போனாய், குறையாகச் சொல்லவில்லை. நீ போன பிறகு அது வாசற்கதவுக்கு எதிரே உட்கார ஆரம்பித்தது. லிப்ட் சத்தம் கேட்கும்போதெல்லாம் அந்த மடிந்த காதும் நிமிரும். நான் அங்கிருந்து விலகிப் போனால்தான் சாப்பிடும், பிறகு அதுவும் நின்றது. வெளியே கூட்டிப் போனால் படியிலேயே பயத்தில் மூத்திரம் போய்விடும். "அண்ணே, இது நாயில்ல, தண்டனை. கொண்டுபோய் விட்டுடுங்க, அக்கா இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பாங்க" என்றான் அசென். நீயும் போனில் நாயை விட்டுவிட்டு இங்கே வந்துவிடுங்கள், உங்களுக்காக ஓர் அறை ஒழித்து வைத்திருக்கிறோம் என்றாய். ஒருநாள் ஆணியில் மாட்டிய தொப்பியை எடுக்கக் கையைத் தூக்கினேன். அடி விழப்போகிறது என்று அது தரையோடு தரையாக ஒட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டது. உன் அம்மா வாழ்ந்த வீட்டில் என்னைப் பார்த்து நடுங்குகிற ஓர் உயிர் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. மறுநாளே கொண்டுபோய் விட்டேன்.

போரியானா திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலாம். "நடக்கிறதுதான் ஐயா, நீங்களும் முயற்சி பண்ணிப் பார்த்தீங்க" என்று சொல்லிக் கயிற்றை வாங்கிக்கொண்டாள். ஷிப்கா அவள் பின்னால் போனது, திரும்பிப் பார்க்கவில்லை, வால்கூட லேசாக ஆடிய மாதிரி இருந்தது. விட்டாயிற்று என்று உனக்குச் சொன்னேன், நல்லதுதான் அப்பா என்றாய். உனக்குச் சொல்லாதது ஒன்று உண்டு. வீட்டுக்கு வந்து, வழக்கம்போல அது மிரளக் கூடாதென்று பூட்டை மெல்லத் திறந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். சமையலறை வரை போன பிறகுதான், யாருக்காக இப்படி நடக்கிறோம் என்று உறைத்தது. அப்போது லிப்ட் வந்து நின்ற சத்தம் கேட்டது. நான் கதவைப் பார்த்தேன் ரலிட்சா. நானும் அதைப் போலக் கதவைத்தான் பார்த்தேன்.

மறுபடி காப்பகத்துக்குப் போனேன். வேறு நாய் பார்க்கிறீர்களா என்று கேட்டு, போரியானா மொறோவைக் கயிறு போட்டுக் கையில் கொடுத்தாள். சூளை வரை நடந்து திரும்பினோம். இழுக்கவில்லை, குரைக்கவில்லை, நான் நின்றால் நின்றது, நான் கேட்ட எல்லாம் அதனிடம் இருந்தது. ஆனால் என் கண் அந்தக் கடைசிக் கூண்டுக்கே போயிற்று. கொஞ்ச நேரம் கூண்டுக்குள்ளேயே போய் ஷிப்கா பக்கத்தில் இருக்கலாமா என்று கேட்டேன். போரியானா சற்று யோசித்து, "போங்க, ஆனா அதைப் பார்க்காதீங்க. முதுகைக் காட்டி உக்காந்து கையை மடியிலயே வெச்சுக்கங்க" என்றாள். அப்படியே உட்கார்ந்தேன். அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. அதன் பிறகு காலையில் பஸ் பிடித்துப் போவதும், சிமெண்டுத் தரையில் சாக்கைப் போட்டு உட்காருவதும், வருவதும்தான் வேலை. தினமும் சவரம் செய்துகொண்டு கிளம்புவதைப் பார்த்து எனக்கு ஏதோ பெண் சகவாசம் என்று அசென் நினைத்துவிட்டான், பொம்பளையா இருந்தா தப்பில்லண்ணே என்று ஆறுதல் வேறு சொன்னான்.

ஒருநாள் மழை. தகரக் கூரையில் அடித்துப் பெய்தது. எனக்கு என்னவோ தோன்றியது. அம்மா போன செய்தியை அவள் படம் போட்ட தாளில் அச்சடித்து நம் கட்டடக் கதவில் ஒட்டினோம், பஸ் நிறுத்தத்தில் ஒட்டினோம், ரொட்டிக்கடைக்காரி வந்து கட்டிப்பிடித்து அழுதாள், உனக்குக் கடல் தாண்டிப் போன் போயிற்று. ஊருக்கெல்லாம் தெரியும். இந்த ஒன்றிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. அது பாட்டுக்குக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சுவரைப் பார்த்தபடியே சொன்னேன். "நெவெனா செத்துப் போயிட்டா. ஆஸ்பத்திரியிலயே செத்துப் போயிட்டா. நான் பக்கத்துலதான் இருந்தேன். அவ இனிமே வரமாட்டா, ஷிப்கா." போய்விட்டாள், இல்லை என்றெல்லாம்தான் அதுவரை எல்லோரிடமும் சொல்லியிருந்தேன், அந்தச் சொல்லை வாயால் சொன்னது அன்றுதான். அடக்கத்தில் எனக்கு அழுகை வரவில்லை என்று உன் அத்தை முகம் சுளித்தாளே, அந்த அழுகை எல்லாம் அங்கே வந்தது, மூக்கு ஒழுக, துடைக்கக் கையைத் தூக்கவும் பயம். வெகுநேரம் கழித்து முதுகில் சூடாக ஏதோ சாய்ந்தது. நான் திரும்பவில்லை.

நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள், ஓடி வந்து மேலே விழுகிற நாயாக இது ஒருநாளும் ஆகாமலே போகலாம் என்று போரியானா எச்சரித்தாள். தெரிந்தேதான் கூட்டி வந்தேன். முதலில் அதை எடுத்தது உன் அம்மா, இந்தமுறை நான் எடுத்தேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே, பக்கத்து வீட்டில் சுவரைத் துளைத்தால் இன்னும் கட்டிலுக்கடியில்தான். என் கையை அது நக்கியதில்லை. நான் சுவர்ப்பக்கம் திரும்பி சூப் குடித்தால் அதுவும் தன் தட்டில் வாய் வைக்கும். "ரெண்டு பேரும் கோவிச்சுக்கிட்ட மாதிரியே இருக்கீங்க" என்கிறான் அசென்.

அதனால் நான் அங்கே வரவில்லை மகளே. நாயைவிட நான் குறைந்து போனேனா என்று நினைக்காதே. அதை விமானத்தில் பெட்டியில் அடைத்தால் பிழைக்காது, இன்னொரு முறை விடவும் என்னால் முடியாது. நீ செர்ரி பழுக்கும்போது வா, மாப்பிள்ளையையும் கூட்டி வா, அவர் உயரமானவர், வாசலில் கொஞ்சம் குனிந்து வரச் சொல்.

இன்னொன்று. கடைசி நேரத்தைப் பற்றி நீ கேட்டபோது நிம்மதியாகப் போனாள் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். உன்னிடமும் நான் சரியாகச் சொல்லவில்லை என்று அந்த மழைக்குப் பிறகுதான் புரிந்தது. இப்போது சொல்கிறேன், உட்கார்ந்து படி. மதியம். ஜன்னலைத் திறக்கச் சொன்னாள், திறந்தேன். மூச்சு விடக் கஷ்டப்பட்டாள், நிம்மதி என்று சொல்ல முடியாது. கனடாவில் இப்போது என்ன நேரம் என்று கேட்டாள். விடிகிற நேரம் என்றேன். "அப்ப ரலிட்சா எழுந்திருப்பா" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

காதை மூடித் தொப்பி போட்டுக்கொண்டு வேலைக்குப் போ, காலையில் வெறும் காப்பியோடு ஓடாதே. அழுகை வந்தால் மாப்பிள்ளைக்குத் தெரியாமல் அழாதே, தெரியவே அழு. கடவுளும் உன் அம்மாவும் உன் பக்கத்தில் இருக்கட்டும், நீங்கள் இருவரும் நீண்டநாள் ஒன்றாக இருங்கள்.

உன் அப்பா
மெத்தோதி