சுருளின் வால்

நாளைக் காலை லொறி வருகிறது. பதினேழாம் பெட்டிச் சுருள் அதில் கொழும்புக்குப் போய்விடும். போவதற்குள் ஒரு தடவை மூடியைத் திறந்து பார்த்தேன். அந்த வாடை வந்தது, மருந்துச் சீசாவும் அணைந்த அடுப்பும் சேர்ந்தாற்போல. நீ அதைக் கப்பல் மூச்சு என்பாய். காகிதத்துக்கு ஏது மூச்சு, வேலையைப் பார் என்று நான் எரிந்து விழுவேன். இன்று அது மூக்கில் ஏறியதும் என்னை அறியாமல் உன் நாற்காலிப் பக்கம் திரும்பிவிட்டேன். ஒரு வருடமாக அதில் காலி அட்டைப் பெட்டிகள்தான் இருக்கின்றன.

உனக்குத் தெரியாத எதையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. எனக்குத்தான் எல்லாம் பிந்தித் தெரிந்தது. வரிசையாக எழுதிப் பார்த்தால் எந்த இடத்தில் தவறினேன் என்பது எனக்காவது பிடிபடும்.

மூடிப்போன தேயிலை ஸ்டோரின் மேல்மாடியில் நம்மை உட்கார வைத்தார்கள். கொழுந்து வாட்டிய நீளத் தட்டுகளின்மேல் பலகை அடித்து மேசையாக்கியிருந்தார்கள். இருபது முழச் சுருளை மடிக்காமல் விரிக்க அத்தனை நீள மேசை வேறெங்கே கிடைக்கும்? முதல் நாள் முதல் சுருளைப் பிரித்துவிட்டு நீ கேட்டாய்: "இது என்னா புள்ள, ஆஸ்பத்திரியில நெஞ்சுக்கு எடுக்கிற பேப்பரு மாதிரி இருக்கு?" நான் பயிற்சியில் படித்ததை ஒப்பித்தேன். முன்னொரு காலத்தில் கப்பல்கள் கடலில் நேர்கோடாகப் போய்க்கொண்டே தண்ணீருக்குள் காற்றை வெடிக்க வைத்தன. அந்தச் சத்தம் கடலடி மண்ணுக்குள் இறங்கி, ஒவ்வொரு அடுக்கிலும் மோதித் திரும்பியது. திரும்பிய சத்தம்தான் காகிதத்தில் கோடு கோடாக விழுந்திருக்கிறது. காகிதம் நைந்துபோவதற்குள் அதைக் கம்ப்யூட்டருக்கு ஏற்ற வேண்டும். "அப்ப பலாப்பழத்தைத் தட்டிப் பாக்குற மாதிரி கடலைத் தட்டிப் பாத்திருக்காங்க," என்றாய். அதைவிடச் சரியாக எனக்கு யாரும் விளக்கவில்லை. ஆனாலும் நான் சிரிக்கவில்லை. அப்போதே எனக்குப் பெரியாள் நினைப்பு.

சுருளை ஸ்கேன் செய்து, திரையில் கடலடியின் மேல் மவுஸால் கோடு இழுப்பது உன் வேலை. நீ முடித்த சுருளைக் கையால் கடைசி வரை பிரித்துப் பார்த்து, சுருளோடு இருக்கும் கார்டில் 'முடிவு வரை பார்த்தது' என்ற வரிக்கு நேரே டிக் போட்டுக் கையெழுத்து வைப்பது என் வேலை. படம் விழாத வெறும் காகிதம் இரண்டு முழம் சுருளின் நுனியில் கிடக்கும். நாம் அதை வால் என்போம். வாலையும் பிரித்தே ஆக வேண்டும். ஒரு வாலைக்கூட விட்டதில்லை என்று எல்லாரிடமும் பீற்றிக்கொள்வேன்.

நமக்குள் ஓயாத சண்டை உன் புள்ளிக்கோடுகளால் வந்தது. பதிவு மங்கிய இடத்தில் கோட்டை நிறுத்திவிட வேண்டும் என்பது விதி. நீ நிறுத்த மாட்டாய், புள்ளி வைத்துக்கொண்டே போவாய். "கண்ணுக்குத் தெரியாததுக்குக் கோடு போடாத." "தெரியல புள்ள, ஆனா அங்கதான் போவுது." நான் அழிப்பேன். ஒரு தடவை அதே இடத்தைக் கப்பல் குறுக்காகக் கடந்த சுருளும் வந்து சேர்ந்தது. நீ புள்ளி வைத்து நான் அழித்த அதே ஆழத்தில் அடுக்கு பளிச்சென்று தெரிந்தது. அதை உன்னிடம் சொல்லவில்லை. பொறாமைதான், வேறென்ன.

கடலுக்கடியிலும் மலைகள் சரிந்திருந்தன. அடுக்கடுக்காக ஒழுங்காக வரும் கோடுகள் ஓரிடத்தில் கடித்துத் துப்பியதுபோல் கலைந்து கிடக்கும். அப்படிப்பட்ட சுருள் வந்தால் நீ எழுந்து நின்று பார்ப்பாய், டீ ஆறிப்போகும். "கீழ சரிஞ்சதைப் பாக்காத, மேல பாரு," என்று விரல் வைத்துக் காட்டினாய். "படி படியா வெட்டு விழுந்திருக்கு. கீழ இருக்கிறது போனா மேல உள்ளதுக்குப் புடிமானம் இல்ல." எத்தனையோ காலத்துக்கு முன் நடந்ததுக்கு இப்போது என்ன என்று கேட்டேன். நீ ஜன்னலைப் பார்த்தாய். ஜன்னலுக்கு வெளியே உங்கள் தோட்டத்து மலை, பாதி மஞ்சில்.

பிறகு ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கொப்பித்தாளில் ஒரு படம் கொண்டுவந்தாய். நீங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசைக்குப் பின்பக்கம் தேயிலைச் செடிகளுக்கு நடுவே தரை பிளந்திருக்கிறது. பிளவின் இருபுறமும் குச்சி அடித்து, சுருள் கட்டுகிற வெள்ளை நாடாவை இடையில் கட்டி, விரலால் அளந்திருந்தாய். முதல் வாரம் இரண்டு விரல், அடுத்த வாரம் நாலு விரல். "வீட்டுக் காம்பராவுல தரையில காதை வச்சா சத்தம் கேக்குது புள்ள. யாரோ பேப்பரு சுருட்டுற மாதிரி." எனக்கு முதுகு சில்லென்றது. அந்த நடுக்கத்தை மறைக்கத்தான் சிரித்தேன் என்று இப்போது தெரிகிறது. "ஒனக்குக் கடலு தலைக்கு ஏறிருச்சு," என்றேன். தோட்டத்துத் தொரைக்கு இங்கிலீசில் ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னாய், நீ சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்றாய். புள்ளிக்கோட்டை வைத்துக்கொண்டு தொரைக்குக் கடிதம் எழுத முடியாது, கண்ணுக்குத் தெரிந்ததும் வா என்றேன்.

நாலு நாள் நாம் பேசவில்லை. வியாழக்கிழமை பதினேழாம் பெட்டிச் சுருளை என் மேசையில் வைத்தாய். "முடிவு வரைக்கும் பாரு," என்று மட்டும் சொன்னாய். என் வேலையை எனக்கே சொல்லித்தருகிறாளா! வீம்புக்குப் பாதியில் சுருட்டி, டிக் போட்டு, கையெழுத்து வைத்து, உனக்குக் கேட்கும்படி மூடியை அறைந்து மூடினேன். நீ திரும்பிப் பார்த்தாய், நான் கடைசி வரை பார்த்துவிட்டேன் என்று நினைத்திருப்பாய். மூன்று நாளும் கடிதத்துக்காகக் காத்திருந்திருப்பாய்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மலை வந்தது. மூன்று காம்பரா போயின. உன் அம்மா கோயிலுக்குப் போயிருந்ததால் தப்பினார். உன்னைச் செவ்வாய்க்கிழமைதான் எடுத்தார்கள். நான் வந்தேன், நின்றேன், அழுதேன். கொப்பித்தாளைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை.

மூன்று வாரத்துக்கு முன், பெட்டிகளை அனுப்பியவர்களிடமிருந்து ஒரு செய்தி. பதினேழாம் பெட்டிச் சுருளின் கடைசிப் பகுதி வெட்டுப்பட்டிருக்கிறது, மறுபடி ஸ்கேன் செய்து அனுப்புங்கள் என்றார்கள். மாடியில் நான் மட்டும். மழை வருவதற்கு முன் எல்லாம் ஓய்ந்துபோகிற ஒரு மதியம். பிரித்துக்கொண்டே போனேன். கடலடிக் கோடு இடமிருந்து வலமாக வந்து, சரிந்த இடத்தைத் தாண்டி, காகிதத்தின் அச்சு முடியும் விளிம்பைத் தொட்டது. அங்கே நிற்க வேண்டிய கோடு நிற்கவில்லை. பென்சிலில் தொடர்ந்தது. வாலுக்குள் ஏறி, மேலே மேலே போய், மலையானது. அந்த மலையில் இரண்டு லயம், கூரையும் புகைக்கூடும் கோயில் மரமுமாக. என் கை நின்றுவிட்டது. ஆனால் காகிதம் சுருள்கிற சத்தம் நிற்கவில்லை. எந்த மேசையிலிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. தேடிப் பார்க்கவும் எனக்குத் துணிவு வரவில்லை.

கீழ் லயத்தின் பின்னால் பிளவு, அதிலிருந்து புள்ளிக்கோடு உங்கள் கூரையின் குறுக்கே. போன வருடம் மண் அந்தப் புள்ளிகளில்தான் கிழிந்தது. பக்கத்தில் உன் எழுத்து: "நீ கடைசி வரைக்கும் பாப்பேன்னு தெரியும். கடுதாசி எழுதிக் குடு புள்ள." மேல் லயத்துக்குப் பின்னால் இன்னொரு புள்ளிக்கோடு, இரண்டு குச்சி. நடுவே ஒரு விரல் அளவு என்று குறித்து, அதன் கீழே இரண்டே சொல்: "இது பெறகு."

உங்கள் லயத்தில் மிஞ்சியவர்களை மேல் லயத்தில் காலியாகக் கிடந்த காம்பராக்களில்தான் வைத்திருந்தார்கள். உன் அம்மாவையும்.

சுருளைத் தூக்கிக்கொண்டு போனேன். பதிவைக் கட்டிடத்துக்கு வெளியே கொண்டுபோனால் வேலை போகும். போகட்டும் என்றிருந்தது. மேல் லயத்து வாசலுக்குக் கீழே போன வருடத்துப் பள்ளம் முழுவதும் மஞ்சு நிறைந்து, கரை தொட்ட தண்ணீராக வாசல் மட்டத்துக்கு நின்றது. நாய்கள் அந்தப் பக்கம் போகவில்லை. உன் அம்மா என்னைக் கண்டதும், "வா புள்ள," என்று கதவை இழுத்தார். கதவு நிலையில் இடித்தது. "மழைக்கு ஊதிருச்சு. சாத்தவே மாட்டேங்குது." பக்கத்து வீட்டுக் கதவைப் பார்த்தேன், அதற்கடுத்ததையும். பதினொரு கதவும் ஒரே மூலையில் இடித்தன.

பின்னால் செடிகளுக்குள் தேடினேன். குச்சிகள் இருந்தன. நீ கட்டிய நாடா அழுக்கேறி, ஆனால் அறுபடாமல், விறைத்து நின்றது. காற்றே இல்லை. விரலால் தொட்டேன், அதிர்ந்தது. ஒரு விரல் என்று நீ எழுதிய இடத்தில் என் கை ஒரு சாண் விரிந்தது. உள்ளே வந்து தரையில் காதை வைத்துப் படுத்தேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அவளும் இப்படித்தாங்க படுப்பா," என்றார், என்னைப் போய் 'ங்க' போட்டு, வேறு யாரிடமோ சொல்வதுபோல. நீ சொன்ன சத்தம் கேட்டது. அவசரமில்லாத கையால் யாரோ சுருட்டுகிறார்கள்.

நீ கேட்ட கடிதத்தை அங்கேயே முழங்காலில் வைத்து எழுதினேன். ஒரு வருடம் பிந்திய கடிதம் எழுதக் கால் மணி நேரம்தான் ஆனது. தோட்ட ஆபீசில் வாங்கி வைத்துக்கொண்டார்கள், மண் பார்க்கிறவர்கள் வரும்வரை பொறுக்கச் சொன்னார்கள். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டார்கள். நான் உன்னிடம் கேட்டதைத்தான் கேட்டார்கள், நான் யாரைக் கோபிப்பது?

திரும்பி வந்து, லயத்து வாசல் நீளத்துக்கும் சுருளை விரித்தேன். மேசை இல்லாததால் ஆளுக்கொரு முழமாகக் கையில் பிடித்துக்கொண்டார்கள். பதினொரு குடும்பமும் கடலடியைப் பிடித்துக்கொண்டு நின்றது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. தோட்டத் தலைவர், "என்னா இது, தொங்கலும் இல்ல மொதலும் இல்ல?" என்று அலுத்துக்கொண்டார். வாலைப் பிடித்திருந்தது உன் அம்மா. அவருக்கு வாசிக்கத் தெரியாது. கூரைகளைத் தடவி எண்ணினார். "இது நம்ம வீடு. இது கோயில் மரம். இது அவ கையிங்க." பிறகு புள்ளிக்கோட்டின்மேல் விரலை வைத்து, தலையைத் தூக்கி, லயத்துக்குப் பின்னால் செடிகளைப் பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள். தலைவர்தான் முதலில் உள்ளே போய்ப் பாயைச் சுருட்டினார்.

எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு இறங்கினார்கள். மலை இன்னும் விழவில்லை. இரண்டு குடும்பம் முணுமுணுத்துக்கொண்டு போன வாரம் திரும்ப ஏறிவிட்டது. மற்றவர்கள் கண்ணில் நான் ஊரைக் கலைத்த பைத்தியம். உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன்: சில நேரம் அது விழுந்து தொலையட்டும் என்று தோன்றுகிறது. நீ சொன்னது சரி என்று ஆகுமே. அடுத்த கணம் அந்த இரண்டு வீட்டுப் புகை கண்ணில் படும். தினமும் வேலைக்கு முன் ஏறிப்போய் அளக்கிறேன், அந்த இரண்டு வாசலிலும் நின்று கெஞ்சுகிறேன். நேற்று ஒருத்தி கதவைச் சாத்தப் பார்த்தாள். அது சாத்தவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு அவள் வெகுநேரம் நின்றாள்.

உன் அம்மா கொட்டகலையில் என் வீட்டில் இருக்கிறார். வந்த அன்று வாசல் கதவை நாலைந்து தடவை திறந்து மூடிப் பார்த்தார். "இது சாத்துது புள்ள," என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார். வாலில் இருப்பதை முழுதாக அவருக்குப் படித்துக் காட்டினேன், என் டிக்கைப் பற்றியும் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். இரண்டு நாள் என் கையால் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் தட்டை நீட்டினார். காலையில் நான் என் வீட்டுத் தரையிலும் காதை வைக்கிறேன். ஒன்றும் கேட்பதில்லை. முன்பென்றால் அதோடு விட்டிருப்பேன்.

மறுபடி ஸ்கேன் செய்த பதிவை நேற்று அனுப்பிவிட்டேன். பென்சில் கறைகளை அழித்துத் துப்புரவாக்க வேண்டும் என்பது விதி, நான் அழிக்கவில்லை. வால்வரைக்கும் முழுதாக ஏற்றினேன். எங்கோ இருக்கிற ஒருவர் அந்தக் கடலைத் திறந்து, ஓட்டிக்கொண்டே போய், கடைசியில் ஒரு லயத்து வாசலுக்கு வந்து நிற்பார். கேட்டால் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

இன்று காலை அளந்தது ஒரு சாணும் மூன்று விரலும். அதை உன் எழுத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் குறித்து, உன் கோட்டில் ஒரு புள்ளி கூட்டி வைத்தேன். கண்ணுக்குத் தெரியாததற்கு நான் வைத்த முதல் புள்ளி. பிறகு கார்டை எடுத்தேன். 'முடிவு வரை பார்த்தது' என்ற வரிக்கு நேரே என் பழைய டிக் அப்படியே இருந்தது. அதைக் கோடு போட்டு அடித்தேன். புதிதாக ஒன்று போடவில்லை. இந்தச் சுருள் இன்னும் முடியவில்லை, புள்ள.