அட்டையில் எழுதிய கேள்வி

அக்கா, இன்று காலை கம்பெனிக்குள் நுழைந்ததுமே கவர் கருகும் வாசனை. கவரின் வாயைச் சூட்டில் ஒட்டும் சீலிங் மெஷின் அளவுக்கு மேல் சூடானால் வருமே, அதேதான். உடனே உன் நினைப்பு வந்துவிட்டது.

பி.காம். முடித்த நீ மசாலா பாக்கெட் ஒட்ட வந்த முதல் நாள், நம்மோடு பாக்கெட் ஒட்டுகிற செல்வி அக்கா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "காலேஜ் பட்ச்சிட்டு கவர் ஒட்ட வந்துகீது பாரு."

நீ கோபப்படவில்லை. "பட்ச்சத இங்கயே கொட்டிட்டுப் போறேன்க்கா, இன்னா இப்போ?" என்றாய்.

கொட்டவும் செய்தாய். டீ நேரத்தில் செமினார். காலேஜில் நடப்பது போல ஒருத்தி எழுந்து தன் வேலையைப் பற்றிப் பேச வேண்டும். கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவள் உட்காரக் கூடாது. முதல் செமினார் அன்று அதைச் சொல்லிச் சொல்லியே விம்கோ நகர் ஷேர் ஆட்டோ வரை சிரித்துக்கொண்டு போனோம். அப்புறம் செல்வி அக்காவே மிளகாய்த் தூள் நெடியைப் பற்றிப் பேசினாள். அவள் பேசியதை நீ மனுவாக எழுதினாய். எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். ஃபேன் வந்தது, கடகடக்கும் பழைய ஃபேன்தான் என்றாலும்.

நான் மட்டும் வாய் திறக்கவில்லை. ஒன்பதாவதோடு நின்றவள், நாலு பேர் பார்த்தாலே தலையைக் குனிந்துகொள்வேன். கிழிந்த பெட்டியின் அட்டைத் துண்டு ஒன்றை என் மடியில் போட்டாய். "மொதல்ல எழுது. காலேஜ்ல நாங்களும் எழுதி வச்சிகினுதான் பேசுவோம்."

நான் எழுதுவதற்குள் உனக்கு மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரிக்குப் போன நீ உயிரோடு திரும்பவில்லை. டீ நேரம் மறுபடி வெறும் டீ நேரமானது.

இன்று என்னை அந்த சீலிங் மெஷினில் நிற்கச் சொன்னார்கள். விரல் உள்ளே போகாமல் தடுக்கும் தகட்டைக் காணோம். அது இல்லாவிட்டால் வேலை வேகமாக ஓடுமாம். ஓர் அட்டைத் துண்டைக் கிழித்து எழுதினேன். காலைக் கூட்டத்தில் சூப்பர்வைசர் பேசி முடித்ததும், அதைப் பார்த்துப் படித்தேன்.

"தகட்ட ஏன் சார் கழட்டுனீங்க? விரல் போனா யாரு பதில் சொல்றது?"

"இன்னா, நீயும் காலேஜா?" என்றார் அவர்.

எல்லோரும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். பின்னாலிருந்து செல்வி அக்காவின் குரல்: "பதில் சொல்லாம உக்காரக் கூடாது நைனா."

அவர் பதில் சொல்லவில்லை. தகடும் வரவில்லை. நான் அந்த மெஷினைத் தொடவும் இல்லை. வேலையை விட்டு நிறுத்தினாலும் நிறுத்தட்டும். அட்டை என் கையில்தான் இருக்கிறது. நாளைக்கும் இதே கேள்விதான். ஆனால் நாளைக்கு அதைப் பார்க்காமலே கேட்பேன்.