சாட்சி சொன்ன பிறகு வலிக்கக் கூடாதா?

என் ஜெசி அக்கா,

உன்னை இன்னமும் கோபத்தோடுதான் நினைக்கிறேன். கல்லறைத் தோட்டத்துக்கு வந்து பூ வைக்கிறேன், திட்டிவிட்டுத்தான் திரும்புகிறேன். கேட்டதா உனக்கு?

ஆற்றில் தண்ணீர் போகிறது. கொக்கிரகுளம் பாலத்தில் வண்டி நெருக்கம் குறையவில்லை. உன்னைப் புகழ்கிறவர்களும் குறையவில்லை. பாளையங்கோட்டையில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், கடைசிவரை விசுவாசத்தில் உறுதியாக நின்றவள் என்று யாராவது ஆரம்பிப்பார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பாயசம் குடிப்பேன்.

உனக்கு லூபஸ் என்று டாக்டர் சொன்ன நாளில், வேலியே பயிரை மேய்கிற கதையா என்று நீதான் சிரித்தாய். சரியாகத்தான் பிடித்தாய். உடம்பைக் காக்க வேண்டிய வெள்ளை அணுக்களே மூட்டையும் சிறுநீரகத்தையும் எதிரி என்று நினைத்துத் தாக்கும் நோய் அது.

பிறகு வெளியூர் டாக்டர் ஒருவர் தொப்புள்கொடியிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லை உனக்கு ஏற்றினார். விதை மாதிரி, உள்ளே போனால் முளைத்து உடம்பையே புதுசாக்கிவிடும் என்றாராம். வீக்கம் வடியத்தான் செய்தது. உன் மகள் பெனிட்டாவுக்கு நீயே சடை பின்னிவிட்டாய். அவள் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.

அந்த வருஷம் சபையின் ஸ்தோத்திரப் பண்டிகையில், போதகரின் மனைவி ஐயரம்மா உன் கையில் மைக்கைக் கொடுத்தார். பூரண சுகம் கிடைத்தது என்று சாட்சி சொன்னாய். கோயிலே அழுதது. வீட்டுக்கு வந்ததும் மாத்திரை டப்பாவைத் தூக்கிப் பரணில் போட்டாய்.

வலி திரும்பி வந்தபோது கையை மறைக்க முழுக்கை ரவிக்கை தைத்தாய். கால் வீங்கியதும் சேலையைத் தாழ்த்திக் கட்டினாய். கேட்டால் வெயில் என்றாய். ஒருநாள் உன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு நான் கத்தியபோது என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா?

"ஏட்டி, சபைக்கு முன்னால சாட்சி சொல்லிட்டு இப்ப வலிக்குன்னு சொன்னா, ஆண்டவரையே பொய்யராக்குன மாதிரி ஆயிராதா?"

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது இரண்டு சிறுநீரகமும் ஓய்ந்துவிட்டிருந்தன.

பத்தாம் வகுப்புக்கு உயிரியல் நடத்துகிறவள் நான். உனக்கு ஏற்றியது என்ன என்று நீ போன பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். மீசன்கைமல் ஸ்டெம் செல் என்று பெயர். அது முளைக்கிற விதை இல்லை அக்கா. தெருச்சண்டையை விலக்கிவிட வருகிற ஆள் மாதிரி. அழற்சி இருப்பதை உணர்ந்தால்தான் அதற்கு வேலையே. தாக்குகிற வெள்ளை அணுக்களை அடக்கும் பொருள்களைச் சுரக்கும். அவற்றைக் கட்டுப்படுத்தும் அணுக்களைப் பெருக்கும். எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றுகிற அணுக்களைக்கூடப் புண்ணை ஆற்றும் பக்கம் திருப்பிவிடும்.

ஆனால் தங்காது. ஏற்றியதில் பெரும்பகுதி நுரையீரலிலேயே சிக்கிச் சில நாளில் அழிந்துவிடுமாம். யாருக்கு உதவும், எவ்வளவு காலத்துக்கு உதவும் என்று ஆராய்ச்சி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. விலக்கிவிட்டுப் போகிற ஆளை வீட்டோடு குடியிருக்க வந்த ஆள் என்று உன்னை நம்பவைத்தார்கள். சரி, அது அந்த டாக்டர் சொன்ன பொய். வலியைச் சொல்லக் கூடாது என்று உனக்கு யார் சொன்னார்கள்? எந்த ஆண்டவர் சொன்னார்?

இன்னொன்றும் உன்னிடம் சொல்ல வேண்டும். பெனிட்டாவுக்கும் விரல் வீங்கியது. அதே நோய்தான். நீ கும்பிட்டதற்கெல்லாம் இதுதான் பலன் போலிருக்கிறது.

இந்த வருஷப் பண்டிகையில் ஐயரம்மா அவளைக் கூப்பிட்டு, அம்மாவின் விசுவாசத்தைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லச் சொன்னார். எழுந்து போய் மைக்கைப் பிடுங்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அவள் பைய நடந்துபோய் நின்றாள்.

"எங்கம்மாவுக்கு வலிச்சுச்சு. உங்ககிட்ட சொல்லப் பயந்துட்டாங்க. எனக்கும் இப்ப கை வலிக்கு. மாத்திரை போட்டுட்டுத்தான் வந்திருக்கேன்."

அவ்வளவுதான். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அல்லேலூயா சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் கோயில் முழுக்க முழித்தது. நான்தான் சத்தமாக ஆமென் சொன்னேன்.

அவளுக்குச் சடை இப்போது நான் பின்னிவிடுகிறேன். வலிக்கு சித்தி என்று அவள் எத்தனை தடவை சொன்னாலும் கேட்பேன். இது சத்தியம். உன் வாயிலிருந்து கேட்கக் கிடைக்காத வார்த்தை அது.

வலியைக் கூடப்பிறந்தவளிடமும் மறைத்துவிட்டுப் போனவளின் தங்கச்சி,
கிரேஸ்