மதகில் நின்று எடுத்த கணக்கு

நவ. 25, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். வெள்ளிக்கிழமை கலெக்டர் ஆபீஸில் விவசாயிகள் குறைதீர் கூட்டம். மழையில் மூழ்கிய சம்பாவுக்குச் சேதக் கணக்கு எடுத்தவள் நான், அதனால் பதில் சொல்ல வேண்டியவளும் நான்தான். எங்கள் வேளாண்மை உதவி இயக்குநருக்கு அன்றைக்கென்று மாமனார் வீட்டு விசேஷம். "பதறாதீங்கம்மா. 'ஆய்வுல இருக்கு'ன்னு சொல்லிட்டு உக்காந்துடுங்க." சொல்லும்போது வாயில் மூன்றாவது இஞ்சி மரப்பா. இவர் எனக்குத் தைரியம் சொல்கிறார்.
வாங்க: து.பருப்பு, தலைவலி மாத்திரை, குடைக்குக் கம்பி.

நவ. 26, புதன்
பேருக்கு வெயில். வீட்டுக்காரர் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார். நாலு எண்ணி மூச்சை இழு, நாலு எண்ணி விடு. சிலிண்டர் ஏன் வரவில்லை என்று கேட்கவே என்னை முன்னால் தள்ளுகிற மனுஷன்.
பக்கத்து சீட் கலா: "எதிர்ல இருக்கறவங்கள கத்திரிக்காய்னு நெனச்சுக்க." போன வருஷம் அதே கூட்டத்தில் அழுதுகொண்டே வெளியே வந்தவள்.
விவசாய சங்கத்துச் சிங்காரவேலு கட்டாயம் வருவார். பச்சைத் துண்டு, கையில் ஒரு கட்டு அழுகின பயிர். மாதாமாதம் இதே வேஷம். போட்டோக்காரன் போகும்வரை கட்டைக் கீழே வைக்க மாட்டார்.
மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

நவ. 27, வியாழன்
நல்ல மழை. கண்ணாடி முன் 'ஆய்வில் இருக்கு' பத்துத் தடவை. கேட்கச் சகிக்கவில்லை.
இங்கேயாவது எழுதிவிடுகிறேன். சிங்காரவேலு ஊரில் நான் வயலில் இறங்கவில்லை. முழங்கால் சேறு, புதுச் சுடிதார், நாலு மணி பஸ். வி.ஏ.ஓ.வும் நானும் மதகு மேல் நின்று பார்த்தோம். ரோட்டோரம் மேடு, பயிர் பச்சையாகத்தான் இருந்தது. 'பாதிப்பு இல்லை' என்று எழுதினேன். உள்ளே வடிவாய்க்கால் பக்கம் பள்ளம், தண்ணீர் நிற்கும். பி.எஸ்சி. அக்ரி படித்தவளுக்குத் தெரியாதா.
பட்டியல் நாளையோடு மேலே போகிறது. போய்விட்டால் அந்த ஊருக்கு நிவாரணம் கிடையாது.
எல்லாரும் செய்வதுதான். எல்லாரும் செய்வதுதான். மூச்சுப் பயிற்சிக்கு இது தேவலை.

நவ. 28, வெள்ளி
மழை விட்டது. கூட்டத்துக்கு முன் வராந்தாவில் தண்ணீர் கேன் பக்கம் நின்று நாலு நாலாக எண்ணிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சிங்காரவேலு, கட்டோடு.
"கை நடுங்குதேம்மா. தண்ணி குடிங்க." டம்ளரை அவரே பிடித்துக் கொடுத்தார். "எனக்கும் மைக்குன்னா ஒதறல்தான். அதுக்குத்தான் இதக் கையில புடிச்சுக்கறது. வெறுங்கையா நின்னா எல்லாருக்கும் தெரிஞ்சுபோயிடும்."
அந்த ஒரு டம்ளர் தண்ணீருக்குப் பதில் நாலு வசவு விட்டிருக்கலாம்.
உள்ளே மைக் அவரிடம் போனதும் ஒரே கேள்வி. "எங்க ஊருல பாதிப்பு இல்லேன்னு எழுதிருக்கீங்க. எங்க நின்னு பாத்தீங்கம்மா?"
கலெக்டர் என்னைப் பார்த்தார். 'ஆய்வில் இருக்கு' நாக்கு நுனியில். கத்திரிக்காயும் வரவில்லை, மூச்சும் வரவில்லை.
"மதகு மேல நின்னுங்கய்யா. வயல்ல எறங்கல."
யாரும் கத்தவில்லை. சிங்காரவேலு கட்டைக் கீழே வைத்தார். அவர் வெறுங்கை உதறிக்கொண்டுதான் இருந்தது.
விசேஷ வீட்டிலிருந்து உதவி இயக்குநர் ஒன்பது தடவை கூப்பிட்டுவிட்டார். எடுக்கவில்லை. மெமோ வரும், வரட்டும்.
அந்த ஊர்க் கணக்கை மட்டும் மேலே அனுப்பாமல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நாளை காலை ஏழு மணிக்கு மறு கணக்கு. பழைய சுடிதார்.