ஏழு நாழிகை வித்தியாசம்

2025 பிப்ரவரி 3, திங்கள்
காவலூரில் வெயில். இங்குள்ள வானாய்வகத்துத் தொலைநோக்கிக்கு வானம் முழுவதும் தெரியும். இருநூறு வருஷத்துக்கு முன் இதே மலையில் சோழிகளை நகர்த்திக் கிரகணம் கணித்தவனை எனக்கு மட்டும்தான் தெரியும். ஆகவே நானே பெரியவன். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் என்பது அரசாங்கம் விவரம் தெரியாமல் கொடுத்த பட்டம்.

அக்கா மகள் சிவசங்கரி சென்னையிலிருந்து பேசினாள். கணித வரலாற்றில் ஆய்வு செய்கிறாள். "மூணாவது அதிகாரம் முழுக்க உங்க ஜவ்வாது திருத்தம்தான் மாமா. மார்ச் மூணு ஒப்படைக்கணும்." நீ பட்டம் வாங்குகிற அன்று செவ்வாயும் வியாழனும் கைகட்டி நிற்கும் என்றேன்.

பிப்ரவரி 7
எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

ஜவ்வாது திருத்தம் பிறந்தது பக்கத்துத் தெரு மங்கம்மாள் வீட்டுப் பரணில் கிடைத்த ஓர் ஏட்டிலிருந்து. மாசிப் பௌர்ணமியில் ஒரு சந்திர கிரகணம், அதன் ஆண்டு எண், அது பிடிக்கும் நேரம். உண்மையான கிரகணத்தோடு ஒப்பிட்டால் ஏழு நாழிகை இடித்தது. மலைக்காரர்களுக்கென்று தனியாக ஒரு திருத்த முறை இருந்தது என்று எழுதினேன். பன்னிரண்டு வருஷமாகிறது. பதினோரு அறிஞர்கள் மேற்கோள் காட்டிவிட்டார்கள்.

இன்று மங்கம்மாள் மாடு விற்றாள். செங்கத்துத் தரகர் வயது கேட்டார்.
"நாலு."
"பாத்தா அஞ்சு மாதிரி கீதே."
"அஞ்சு நடக்குதுய்யா. முடியாத வருசத்த எப்புடி எண்றது? எங்க பாட்டன் காலத்திலேர்ந்து முடிஞ்சதத்தான் சொல்லுவோம்."

பஞ்சாங்கக்காரர்கள் முடிந்த ஆண்டைத்தான் எண்ணுவார்கள், அது எனக்குத் தெரியும். மலைக்காரர்கள் நடப்பு ஆண்டை எண்ணுவார்கள் என்று நானாகவே முடிவு கட்டி, ஏட்டில் இருந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டேன். கேட்டேனா? கூப்பிடு தூரத்தில் இருப்பவளை ஒரு தடவையாவது கேட்டேனா?

பிப்ரவரி 8
ஏட்டு ஆண்டை ஒரு வருஷம் தள்ளிப் போட்டுப் பார்த்தேன். அடுத்த ஆண்டும் மாசியில் கிரகணம் உண்டு. வித்தியாசம் அரை நாழிகை கூட இல்லை. ஏடு எழுதியவன் எல்லாரையும் போல, சரியாகத்தான் கணித்திருக்கிறான். திருத்தம் என்று ஒன்று கிடையவே கிடையாது.

பிப்ரவரி 9
ஒன்பதாவது முறை. அதே விடை.

பிப்ரவரி 14
உலகத்தில் இது எனக்கு மட்டும்தான் தெரியும். சும்மா இருந்தால்? பட்டம் வாங்கிவிடுவாள். பிறகு எவனாவது கண்டுபிடிப்பான் — அப்போது அவள் பெயரும் சேர்ந்து நாறும். சொன்னால் நாலு வருஷ உழைப்பு போச்சு.

சொல்லத்தான் போன் செய்தேன். அமிர்திக் காட்டில் ஒரு கரடி என்னிடம் வழி கேட்ட கதையைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அவள் சிரித்தாள். இன்னாத்துக்குடா உனக்கு இந்த வாயி?

பிப்ரவரி 21
சொல்லிவிட்டேன்.
"எப்பத்திலேர்ந்து தெரியும்?"
"பதினாலு நாளா."
"பதினாலு நாளும் என்கிட்ட கரடி கதையா வுட்டுனு இருந்தீங்க?"
வைத்துவிட்டாள்.

மார்ச் 3
ஒப்படைக்க வேண்டிய நாள். போன் இல்லை. அக்காவும் எடுக்கவில்லை. வரலாற்றுக்கு என் பங்களிப்பு இதுதானா, ஒரு பிழையும் அதை நம்பிய ஒரு பெண்ணும்?

மார்ச் 19
இல்லை.

மே 11, ஞாயிறு
காலை பஸ்ஸில் சிவசங்கரி வந்து இறங்கினாள். ஆறு மாத அவகாசம் வாங்கியிருக்கிறாள். ஏடுகளை எல்லாம் எடுக்கச் சொன்னாள். மூன்றாவது அதிகாரத்தை முதலிலிருந்து எழுதப் போகிறாளாம்.

"அதுக்கு முன்னாடி நீங்க அந்தப் பத்திரிகைக்கு எழுதணும். இப்பவே. நான் பாக்க."

எழுதினேன்:

'2013இல் நான் வெளியிட்ட கட்டுரையின் முடிவு தவறு. ஏட்டில் உள்ளது முடிந்த ஆண்டு. நான் நடப்பு ஆண்டாகக் கொண்டேன். கணித்தவர் பிழை செய்யவில்லை. ஆண்டு எண்ணும் முறையைச் சொன்னவர் காவலூர் மங்கம்மாள்.'

இரண்டு முறை படித்தாள். தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்றும் பார்த்தாள்.

"இன்னா மாமா, அவ்ளோதானா? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.