முதல் முறையைக் கொடுத்துவிட்டேன்

குஞ்சன்,

நோவெண்ணெய்ப் போத்தலின் மூடியை இறுக்காமல் கைப்பைக்குள் போட்டுவிட்டேன். லவால் மைதானத்திலிருந்து வீடு வரும்வரைக்கும் மெட்ரோப் பெட்டி முழுக்க உன்னுடைய மணம்தான். பக்கத்தில் இருந்த பிரெஞ்சுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பிப் போய்விட்டாள். நான் அப்படியே இருந்தேன். நீ ஆட்டம் முடிந்து வந்து குசினிக் கதிரையில் காலை நீட்டிக்கொண்டு, "அக்கா, பிளேன்டீ" என்று கத்துகிற மணம் அது.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழைத்தால் நீ சிரிப்பாய். பரவாயில்லை, சிரி.

இந்த வருஷம் உன்னுடைய உதைபந்து அணிக்கு ஆள் பிடித்தது நான்தான். கோயில் பாதரே தகரப் பேணியை நீட்டிச் சொன்னார், கையைப் போடு என்று. ஊர் ஊராக அணி கட்டி அடிபட்ட பிறகு அவர் கொண்டுவந்த முறைதானே இது: விளையாட வருகிறவர்களின் பெயரெல்லாம் பலகையில் இருக்கும், ஆறு அணிக்காரரும் பிஸ்கட் பேணிக்குள் இருந்து இலக்கத் துண்டு எடுக்க வேண்டும், அந்த ஒழுங்கில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட வேண்டும். தேத்தண்ணி குடித்து முடியும்வரைக்கும் ஒருவர் முறையை ஒருவர் மாற்றிக்கொள்ளலாம். கை குடுத்து, கோப்பைகளும் போய்விட்டால் பிறகு பேச்சில்லை.

நீ எப்பவும் மாற்றுகிறவன். முதல் முறை கையில் வந்தால் அதைக் கொடுத்துவிட்டுப் பின்னால் இரண்டு முறை வாங்குவாய். எனக்கு அது பிடிக்காது. கிடைத்ததை வைத்துக்கொண்டு நல்லவனைக் கூப்பிடு என்பேன். எத்தனை ஞாயிறு இதைச் சொல்லிச் சண்டை பிடித்திருக்கிறோம்!

"மன்னார் ஜூட் ஒருத்தன் மூண்டு பேருக்குச் சமன்ரா."

"அந்த ஒருத்தன்ர முழங்கால் பிரண்டால்? ஒருத்தனை நம்பி ஒரு கோடையைக் குடுக்கேலாது அக்கா. உனக்கு விளங்காது."

போன வருஷம், லவாலுக்கு மெட்ரோ வந்த வருஷம், உனக்கு முதலாம் இலக்கம் விழுந்தது. நீ அதை இன்னொரு அணிக்காரர் லவால் அன்ரனுக்குக் கொடுத்தாய். அவர் ஜூட்டைக் கூப்பிட்டார். நீ வாங்கிய இரண்டு முறைக்கும், புவாண்ட்-கிளேர் பண்டகசாலையில் வேலை செய்கிற இரண்டு பேரைக் கூப்பிட்டாய். நல்ல ஆட்டக்காரர்தான், இல்லை என்று சொல்லவில்லை. கடைசி ஆட்டம் வந்த ஞாயிறு இரண்டு பேருக்கும் வேலை. காயக்காரருக்குப் பதிலாக இறக்கவும் ஆளில்லை. ஒன்பது பேரோடு இறங்கி, ஜூட்டின் காலால் நாலு கோல் வாங்கினாய்.

நான் விட்டேனா? "உன்ர ரெண்டு பேரும் எங்கையடா? பெட்டி அடுக்கினமோ?" என்று பனி கொட்டும்வரைக்கும் கேட்டேன். நீ சோற்றைக் குழைத்தபடி, "வாற வருஷமும் மாத்துவன், இருந்து பார்" என்றாய். வருகிற வருஷம் உனக்கு வரவில்லை. தை மாதம் டவுன்டவுனில் வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தவன், பிறகு எழும்பவேயில்லை.

சித்திரையில் கோயில் மண்டபத்துக்கு உன்னுடைய பந்துகளைத் திருப்பிக் கொடுக்கத்தான் போனேன். அணியைக் கலைத்து ஆட்களை மற்ற அஞ்சுக்கும் பிரிக்கப் போகினம் என்று அங்கேதான் கேள்விப்பட்டேன். "அப்ப நான் எடுக்கிறன்" என்று வாய் சொல்லிவிட்டது. பாதர் பேணியை நீட்டினார். எடுத்துப் பார்த்தால், முதலாம் இலக்கம்.

அன்ரன் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தார்.

"அக்கா, முதல் முறையை எனக்குத் தாங்கோ. பேந்து ரெண்டு முறை உங்களுக்கு. தம்பியும் அப்பிடித்தானே செய்யிறவன்."

"செய்து என்னத்தைக் கண்டவன்?" என்றேன். மண்டபமே சிரித்தது.

ஜூட் கதவடியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டிருந்தால் ஓடி வந்திருப்பான். இத்தனை வருஷமும் நான் சொன்னதும் அதைத்தானே? ஆனால் நான் நடுவில் போய் நின்று கேட்டேன்:

"ஞாயிறு வேலை இல்லாத ஆக்கள் எல்லாரும் கையைத் தூக்குங்கோ."

"இதென்ன அக்கா, பள்ளிக்கூடமோ?" என்றார் அன்ரன்.

"நான் கனக்கப் பள்ளிக்கூடம் போகேல்லை, அதுதான் இஞ்ச நடத்திறன். தூக்குங்கோடா கையை!"

தூக்கினார்கள். ஜூட்டைத் தள்ளி எண்ணினாலும் நல்ல கால்கள் ஏழெட்டு இருந்தன. அதில் ஒருவன் பேக்கரியில் விடிய வேலை செய்தாலும் ஆட்டத்துக்கு முன்னம் பத்து மணிக்கே விடுபடுகிறவன். அவர்களை விட இன்னொருவன், இங்கே படிக்க வந்த சென்னைப் பிள்ளை. யாருக்கும் அவனைத் தெரியாது. "சண்டே ஃபுல்லா ஃப்ரீதான்க்கா" என்றான். அன்ரனுக்குக் கை கொடுத்தேன். முதல் முறையை விட்டேன், பின்னால் அந்த இரண்டு பேரையும் எடுத்தேன்.

இதுவரைக்கும் மூன்று ஆட்டம். இரண்டு வென்றோம். இன்றைக்கு அன்ரனிடம் தோற்றோம், ஜூட்தான் இரண்டும் அடித்தான். அதற்காக மாற்றியது பிழை என்று சொல்லமாட்டேன். என்னுடைய பதினொரு பேரும் மூன்று ஞாயிறும் நின்றார்கள். நீ சொன்னது சரி, குஞ்சன். மாற்றத்தான் வேண்டும். ஆனால் நாங்கள் மாற்றி எடுக்கிற ஆள் எந்தக் கிழமை நிற்பான் என்று கேட்டுவிட்டு மாற்ற வேண்டும். இதை இனி எவர் வந்து சொன்னாலும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

இந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு எப்படித் தெரிந்தது என்று நினைக்கிறாய்?

மெட்ரோ வந்த வருஷம் நீ அன்ரனோடு மாற்றிய அன்றைக்கு, நான் கோயில் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றேன். நீ எடுக்க நினைத்திருந்த பண்டகசாலைக்காரர் ஒருவரின் மனுசி பக்கத்தில் நின்று சொன்னாள், இந்தக் கோடை அவையளுக்கு ஞாயிறும் வேலை வருமாம் என்று. உனக்குச் சொல்லத்தான் தட்டத்தோடு வெளியில் வந்தேன். நீ அன்ரனின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்க, "அக்காவைக் கேட்டு மாத்திறதோ? அவ தேத்தண்ணி ஊத்தட்டும்" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். அப்போதும் மாற்ற நேரம் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. தோற்கட்டும், அப்பத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டு வெறுங்கோப்பைகளைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அதுதான் உன்னுடைய கடைசிக் கோடை என்று எனக்குத் தெரியாது. பனிக்காலம் முழுக்க உன்னை நக்கல் அடித்தபோதும் இதை மட்டும் சொல்லவில்லை. மைதானத்துக் கரையில் நின்று கத்தும்போது, ஆட்களுக்குத் தோடம்பழம் வெட்டிக் கொடுக்கும்போது, இதையும் சுமந்துகொண்டுதான் நிற்கிறேன். அணியை விடமாட்டேன், அதில் மாற்றமில்லை. ஆனால் ஒன்று மட்டும் தெரியவேண்டும். அன்றைக்கு நான் கிட்ட வந்து காதுக்குள் சொல்லியிருந்தால், அந்தச் சிரிப்பை நிப்பாட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்திருப்பியோடா?